டல்லாஸிலிருந்து ஸ்டுட்கார்ட்: சம்பளம் குறைகிறது, வாழ்க்கை எப்படி மாறும்?

#1 வைகைக்கரை (டல்லாஸ்)

வணக்கம். ஒன்பது வருடமாக டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். ஹெச்-1பி என்ற வேலை விசாவில் மென்பொருள் வேலை. ஜெர்மனியில் எங்கள் கம்பெனியின் ஸ்டுட்கார்ட் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகி, வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். வரி, காப்பீடு எல்லாம் போக மாதம் கைக்கு வருவது இப்போது வருவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

இதைப் பற்றித் தேடினால் அமெரிக்காவில் பெரிய கார், ஐரோப்பாவில் சின்ன கார், இங்கே ஐஸ் போட்ட தண்ணீர், அங்கே சோடாத் தண்ணீர் என்றே எழுதியிருக்கிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது போதும். எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்? உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும்? அக்கம்பக்கம் எப்படி? குடும்பத்தோடு இருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

#2 நெக்கார்நதி (ஸ்டுட்கார்ட்)

ஒஹாயோவில் நான்கு வருடம் இருந்தோம். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகன் அங்கே பிறந்தான், மகள் இங்கே. அந்த இரண்டு பிரசவத்தையும் சொன்னாலே பாதி விஷயம் வந்துவிடும்.

மகன் பிறந்தபோது என் கையில் இருந்தது எட்டு நாள் விடுப்பு. பிரசவ வார்டில் ஜன்னலோரம் மடிக்கணினியைத் திறந்து வைத்து ஏதோ ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். "ஒரு நிமிஷம்" என்றேன். அந்த ஒரு நிமிஷம் இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி 12 வாரம் எடுக்க எனக்கு உரிமை இருந்தது. ஆனால் அது சம்பளமில்லாத விடுப்பு. அதுவும் 50 பேராவது வேலை பார்க்கும் நிறுவனம் என்றால்தான் கிடைக்கும். மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டியவனுக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

மகள் பிறந்தபோது இங்கே மேலாளரிடம் தயங்கித் தயங்கி, இரண்டு மாதம் வேண்டும் என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தத் தேதியிலிருந்து?" அந்த இரண்டு மாதமும் அரசின் பெற்றோர் உதவித்தொகை வந்தது. கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, உச்சவரம்பு மாதம் 1,800 யூரோ.

இந்த மேலாளர் அந்த மேலாளரைவிட நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஒஹாயோ மேலாளர் தங்கமான மனிதர். நாங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே அவர் மனைவி ஒரு பாத்திரம் நிறைய சூப் செய்து கொண்டுவந்தார். அங்கே ஒருவர் மனசு வைத்தால் கிடைப்பது, இங்கே யார் மனசும் வைக்காமலே கிடைக்கிறது. அமெரிக்காவில் 1938-இல் வந்த தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்கு மேல் போனால் கூடுதல் கூலி என்று சொல்கிறது. சம்பளத்தோடு விடுப்பு பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. நல்ல கம்பெனி என்றால் மூன்று, நான்கு வாரம் தருவார்கள். மளிகைக்கடையில் பில் போடுகிறவருக்கு ஒன்றும் இல்லாமலும் போகலாம். இங்கே 1963 சட்டப்படி வருடத்துக்கு நான்கு வாரம் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலான அலுவலகங்களில் 28, 30 நாள் தருகிறார்கள். விடுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்து படுத்தால், டாக்டர் சீட்டைக் கொடுத்து அந்த நாட்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நோயில் படுத்தால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. கடைகள் பூட்டியிருக்கும். ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் பேக்கரி, முறைவைத்துத் திறக்கும் மருந்துக்கடை, அவ்வளவுதான். சுவரில் துளை போடக் கூடாது. காலி கண்ணாடி பாட்டிலைக்கூடத் தெருத்தொட்டியில் போடக் கூடாது. 1919-இல் ஜெர்மனியில் எழுதிய வைமர் அரசியல் சட்டத்தில் ஞாயிறு ஓய்வுநாள் என்று எழுதிய பிரிவு இன்றைய அரசியல் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று பெர்லினில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2009-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் திராட்சைத் தோட்டச் சரிவில் தெருவே நடக்கக் கிளம்பும். ஊன்றுகோலோடு பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தைகள். நாங்களும் அவர்களோடு நடக்கிறோம். அந்த நேரத்தில் என் பிள்ளைகள் என்னிடம் பேசுகிற பேச்சு வேறு எந்த நாளிலும் வருவதில்லை.

#3 தோட்டக்காரி (நியூ ஜெர்சி)

நெக்கார்நதி தம்பி, நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சூப் கொண்டுவந்த அந்த அம்மாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அமெரிக்கா என்றால் அந்த அம்மாதான்.

என் கணவருக்குப் புற்றுநோய் வந்து கீமோ கொடுத்தபோது, எதிர்வீட்டுக்காரர் இணையத்தில் ஒரு பட்டியல் போட்டார். திங்கள், புதன், வெள்ளி என்று முறைவைத்து ஏழு வாரம் வாசலில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. நாங்கள் சைவம், முட்டையும் வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னோம். ஒருநாள் மாலை இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் கடையிலிருந்து போன் செய்தாள். டின்னில் விற்கும் காய்கறிச் சாற்றின் பின்பக்கத்தை அங்கேயே நின்று எனக்குப் படித்துக் காட்டி, "இதில் ஏதாவது உங்களுக்கு ஆகாததா?" என்று கேட்டாள். அதற்கு முன் அவளோடு நான் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பனி கொட்டிய அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு யாரோ எங்கள் கார் பாதையைச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மணிகூட அடிக்கவில்லை. பார்த்தவுடன் சிரித்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பது வெறும் மேல்பூச்சு என்று ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மேல்பூச்சாக இருந்தால் ஏழு வாரம் தாங்குமா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஏழு வாரமும் தபாலில் கடிதம் வந்துகொண்டே இருந்தது. தலைப்பிலேயே "இது பில் அல்ல" என்று போட்டு, கீழே பத்தாயிரக்கணக்கில் டாலர். பில் அப்புறம் தனியாக வரும். அறுவைசிகிச்சை டாக்டருக்கு ஒன்று, மயக்க மருந்து டாக்டருக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று. ஒரு தடிமனான கோப்பில் தேதிவாரியாக எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். ஒரு ஸ்கேனுக்குப் பணம் தர முடியாது என்று காப்பீட்டுக்காரர்கள் மறுத்து, இரண்டு மாதம் போனில் மாரடித்த பிறகுதான் கொடுத்தார்கள். அதைவிடக் கொடுமை, கீமோ முடிந்த மறுநாளே அவர் கணினி முன்னால் உட்கார்ந்தது. வேலை போனால் காப்பீடும் போகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-இல், சம்பளத்தை ஏற்றக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியபோது, ஆள் பிடிக்கக் கம்பெனிகள் காப்பீடு தர ஆரம்பித்தன. அப்போது விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஒரு மனிதன் மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் அது கழுத்தை இறுக்குகிறது. அவர் இப்போது நன்றாக இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒன்று. நாங்கள் இருக்கும் பெர்கன் கவுண்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஞாயிறன்று துணிக்கடை, மேஜை நாற்காலி விற்கும் கடை எல்லாம் அடைப்புதான். இங்கே பரமஸ் என்ற ஊரில் பெரிய பெரிய மால்கள் இருக்கின்றன. ஞாயிறன்று கார் நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடக்கும். 1993-இல் வாக்கெடுப்பு வைத்தபோதும் மக்கள் இதை விட்டுக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஞாயிறு சட்டங்கள் செல்லும் என்று 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவுக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

#4 பனங்கூடல் (சூரிச்)

ஐரோப்பா என்று ஒரே ஊர் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து 1989இல் சூரிச்சுக்கு வந்தேன். இங்கே வருத்தம் (நோய்) வந்தால் பார்க்கிற காப்புறுதி 1996 முதல் எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் அதை அரசாங்கமும் தராது, வேலைத்தலமும் தராது. ஒவ்வொரு ஆளும், பிறந்த குழந்தை உட்பட, தனித்தனியாக மாதாமாதம் காசு கட்ட வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வருடத்தில் முதல் 300 பிராங்கில் இருந்து 2,500 பிராங்க் வரை, எடுத்த திட்டத்தைப் பொறுத்து, சொந்தக் கையில் இருந்துதான் போகும். ஆனாலும் வேலை போனால் காப்புறுதி போகாது. தோட்டக்காரி அக்கா சொன்ன அந்தப் பயம் எங்களுக்கு இல்லை.

விடுமுறை பற்றியும் சொல்கிறேன். இங்கே சட்டப்படி நான்கு கிழமை, அதாவது நான்கு வாரம். அதை ஆறு கிழமை ஆக்கலாமா என்று 2012இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அப்போது நான் உணவகத்தில் வேலை. சமையலறையில் கூட நின்ற சுவிஸ்காரரிடம் ஏன் என்று கேட்டேன். "முதலாளிக்குக் கட்டுப்படியாகாது, சின்னக் கடைகள் மூடிவிடும்" என்றார். தனக்கு வரப்போகிற இரண்டு கிழமையை வேண்டாம் என்று சொன்ன தொழிலாளியை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஐரோப்பியர் எல்லோரும் ஓய்வை விரும்புகிறவர்கள் என்று ஆராவது கதைத்தால் அந்த மனிதரின் முகம்தான் நினைவுக்கு வரும்.

#5 மலைக்கோட்டை (சிகாகோ)

பணத்தை யாரும் லேசாகப் பேச வேண்டாம். அமெரிக்கச் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணம், அப்பா இருதய ஆபரேஷன், திருச்சியில் வீடு எல்லாம் முடித்தேன். பாதிச் சம்பளம் என்றால் எதெல்லாம் நடக்காமல் போகும் என்பதையும் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. என் மனைவி ஊரில் பி.ஏ. வரலாறு படித்தவள். 34 வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இங்கே கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். பக்கத்து மேஜையில் 19 வயதுப் பையன், முன்னால் 50 வயது லாரி டிரைவர். இந்த வயதில் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது நர்ஸ். விழுந்தால் எழுந்து திரும்ப ஓடலாம் என்பது இந்த ஊரில் வெறும் பேச்சில்லை. ஜெர்மனியில் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள் என்கிறார்களே, அதை நெக்கார்நதி விளக்க வேண்டும்.

#6 உத்ரெக்ட்வாசி

செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். அட்லாண்டாவில் மூன்று வருடம் இருந்தபோது எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் கடையின் பெயர்ப்பலகை தெரியும். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. நடைபாதை இல்லாத ஆறுவழிச் சாலை நடுவில். ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கக் காரை எடுப்போம். அம்மா ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம் இருந்தார். யாராவது கூட்டிப்போனால்தான் வாசல் தாண்ட முடியும் என்ற நிலை. "வீடு அரண்மனை மாதிரி இருக்கு, ஆனா காலை ஒடிச்சு உக்கார வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

இங்கே நெதர்லாந்தில் என் மகன் ஒன்பது வயதில் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். இது டச்சுக்காரர்களின் பிறவிக்குணம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1971-இல் இந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கி, குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று போராடினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சைக்கிள் பாதைகள் ஒவ்வொன்றாக வந்தன. அமெரிக்காவும் 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் போட்டு, வீடு ஓரிடம் கடை ஓரிடம் என்று பிரித்துக் கட்டி, தன் ஊர்களைத் தானே அப்படி ஆக்கிக்கொண்டது. இரண்டும் மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுதான்.

#7 மாடிப்படி (பாரிஸ்)

எல்லோரும் ஐரோப்பாவின் தெருவைப் புகழ்கிறீர்கள். என் அம்மா புதுச்சேரியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலிதான். எங்கள் வீடு நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. பாரிஸ் மெட்ரோவின் பழைய வழித்தடங்களில் முழுக்க முழுக்கச் சக்கர நாற்காலியோடு போக முடிவது 14-ஆம் எண் ஒன்றில்தான். லா ஷப்பேல் போய்க் கறிவேப்பிலை வாங்கிக் கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசுவது அம்மாவுக்கு உயிர். இப்போது அதற்கு இரண்டு பேர் வேண்டும், முன்கூட்டிச் சொல்லி வைத்த வண்டி வேண்டும்.

போன வருடம் மினியாபோலிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போனோம். பேருந்து நின்றதும் படி கீழே இறங்கி ஒரு பலகை நீண்டது. டிரைவர் எழுந்து வந்து நாற்காலியைப் பட்டை போட்டுக் கட்டினார். பின்னால் இருந்த ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நூலகத்தில் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கிறது, எங்கே போனாலும் சரிவுப் பாதை இருக்கிறது. ஒரு பூங்காவில் அம்மா, "தள்ளாதே, நானே போறேன்" என்று சொல்லிச் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை போனார். நான் பின்னாலேயே நடந்தேன், கண்ணீரை அடக்க முடியவில்லை. 1990-இல் மாற்றுத்திறனாளிகள் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் நாற்காலியை விட்டுவிட்டுத் தவழ்ந்தே ஏறினார்கள். அந்த வருடமே சட்டம் வந்தது. பிரான்சில் 2005-இல் சட்டம் போட்டார்கள், பொது இடங்கள் எல்லாம் 2015-க்குள் தயாராக வேண்டும் என்றார்கள், அப்புறம் கெடுவை நீட்டினார்கள். பழைய கட்டடங்களின் அழகு என்று சொல்கிறவர்கள் அந்தப் படிகளில் என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

#8 நெக்கார்நதி (ஸ்டுட்கார்ட்)

மாடிப்படி, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை கேட்டது சரியான கேள்வி. இங்கே ஆரம்பப் பள்ளி நான்கு வருடம். நான்காம் வகுப்பு முடியும்போது, பிள்ளை பல்கலைக்கழகம் நோக்கிப் போகும் கிம்னாசியத்துக்கா, தொழிற்படிப்பு நோக்கிப் போகும் வேறு பள்ளிக்கா என்று ஆசிரியர் பரிந்துரை எழுதுவார். அப்புறம் மாறுவதற்கு வழிகள் உண்டு, பலர் மாறுகிறார்கள். ஆனால் அது சுற்றுவழி. வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. என் மகனுக்கு அந்த வருடம் ஆசிரியை, கணக்கு நன்றாகப் போடுகிறான், ஆனால் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை என்றார். அவன் வீட்டில் வாய் ஓயாமல் தமிழில் பேசுகிறவன். எங்களுக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் தூக்கமில்லை. கடைசியில் கிம்னாசியம் கிடைத்தது. உங்கள் மகளுக்கு ஏழு வயது என்றால், கையில் இருப்பது இரண்டு வருடம். மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு இங்கே ஆயத்த வகுப்புகள் இருக்கின்றன. வருவதென்றால் தள்ளிப்போடாமல் வாருங்கள்.

அக்கம்பக்கத்தைப் பற்றித் தோட்டக்காரி அம்மா சொன்னதுதான் உண்மை. இங்கே அந்தச் சூப் முதல் வருடம் வராது. எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் மூன்று வருடம் வணக்கம் மட்டும்தான் சொன்னார். நான்காம் வருடம் ஊருக்குப் போகும்போது தபால் பெட்டிச் சாவியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அவர் வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கிறது. மூன்று வருடம் காத்திருக்க உங்கள் மனைவிக்கு முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பகலில் தனியாக இருக்கப்போவது அவர்தான்.

#9 வைகைக்கரை (டல்லாஸ்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தோம். மாடிப்படி எழுதியதைப் படித்துவிட்டு மனைவி, "அத்தைக்கு முட்டி வலி, முதல் மாடிக்கு மேலே வீடு பார்க்காதீங்க" என்றாள். போகிறோம் என்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவளுக்கு ஹெச்-4, அதாவது என் விசாவைச் சார்ந்த விசாவில் வேலை அனுமதி. புதுப்பிக்க அனுப்பியது வரத் தாமதமாகி, ஆறு வருடம் பார்த்த வேலையைப் போன வருடம் விட வேண்டியதாயிற்று. கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு) வரிசையில், வருடம்தோறும் தருவதில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பில் இந்தியர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலே ஆகிறது. என் வேலை போனால் 60 நாளில் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். மகள் மட்டும் இங்கே பிறந்ததால் அமெரிக்கக் குடிமகள். ஜெர்மனியில் புளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வருகிறவரின் மனைவி அல்லது கணவர் வந்த நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், பி1 என்ற நடுத்தர அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம் என்று படித்தோம். தெரு தரும் அன்பு இங்கே எங்களுக்கும் நிறையக் கிடைத்திருக்கிறது. ஆனால் காலையில் எழுந்து ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு போக அவளுக்கு அனுமதி வேண்டும். அதைத் தெரு தர முடியாது.

மலைக்கோட்டை சார் சொன்ன கணக்கையும் எழுதிப் பார்த்தோம். ஊருக்கு அனுப்பும் தொகை குறையும். அதை இந்த வாரம் அப்பாவிடம் நானே சொல்கிறேன்.

#10 நெக்கார்நதி (ஸ்டுட்கார்ட்)

நல்லது. அப்படியென்றால் சில காரியங்கள். வாடகை வீடு பார்க்கும்போது சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் வெறும் சுவரும் குழாயும்தான் இருக்கும், அடுப்பு, அலமாரி எல்லாம் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்யுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் மற்ற வேலைகள் நகராது. மகளுக்கு இப்போதே ஒரு ஜெர்மன் ஆசிரியர் பாருங்கள், வாரம் இரண்டு மணி நேரம் போதும்.

கிரைண்டர் அமெரிக்காவில் வாங்கிய 110 வோல்ட் என்றால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இங்கே 230. கோயம்புத்தூர் கிரைண்டர் என்றால் பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடும். எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.